மிஷிகனின் உரையாடல் நெறியாளர்கள்: ஒரு மதிப்பீடு

இளநிலை மாணவர் இருவர், தங்கள் வயதையொத்த பதினான்கு பேரை வட்டமாக உட்காரவைத்து, இனத்தைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் பேசவைக்கிறார்கள். வட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெள்ளையர். மறுபாதி கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர். நடத்தும் இருவரும் ஆளுக்கொரு தரப்பைச் சேர்ந்தவர்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 1988இல் தொடங்கிய குழுக்களிடை உறவுத் திட்டத்தின் உயிர்நாடி இந்த வட்டம்தான். அந்த முறை பிறகு அமெரிக்காவின் பல வளாகங்களுக்குப் பரவியது. அதைப் பற்றி ஆய்வுகளும் நூல்களும் வந்தன. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளலாமா என்று உச்சநீதிமன்றம் வரை போன வழக்கிலும் அதன் பலன்கள் சான்றாக வைக்கப்பட்டன. ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிய முயற்சி இது. எடைபோடுவதற்கு இப்போது போதிய பொருள் இருக்கிறது.

எடைபோடும்போது இரண்டு கேள்விகளைக் கலக்கக் கூடாது. இப்படிப்பட்ட பேச்சை நடத்தும் திறனைக் கற்றுக்கொடுக்க முடிகிறதா, அந்தக் கல்வி தரமானதா என்பது ஒன்று. ஒரு பல்கலைக்கழகத்தின் இனச் சிக்கலுக்கு அது மருந்தாகுமா என்பது மற்றொன்று. திட்டத்தைப் புகழ்வோரும் சரி, பழிப்போரும் சரி, பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

திட்டம் பிறந்த சூழலைப் பார்த்தாலே இந்தக் குழப்பத்தின் வேர் தெரியும். 1987இன் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகம் கொதித்துக்கொண்டிருந்தது. கறுப்பின மாணவியர் கூடியிருந்த விடுதி அறையின் கதவிடுக்கில், கறுப்பர்களை வேட்டையாடும் பருவம் இது என்று அறிவிக்கும் துண்டறிக்கை செருகப்பட்டது. மாணவர் வானொலியில் இனவெறிப் பகடிகள் ஒலிபரப்பாயின. 1970இலும் 1975இலும் எழுந்த கறுப்பர் செயல் இயக்கம் மூன்றாம் முறையாக எழுந்தது. மார்ச் மாதத்தில் கறுப்பர் உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் நேரில் வந்து நிர்வாகத்துக்கும் மாணவர்களுக்கும் இடையே உடன்பாடு காண உதவினார். மாணவர்கள் கேட்டவற்றில் தெளிவில்லாதது எதுவுமில்லை. கறுப்பின மாணவர் சேர்க்கை உயர வேண்டும், கறுப்பினப் பேராசிரியர்கள் கூட வேண்டும், அதற்குப் பணமும் பொறுப்புள்ள அதிகாரியும் வேண்டும் என்றார்கள். 1970 போராட்டத்தின் கோரிக்கையே ஓர் எண்தான்: சேர்க்கையில் 10 விழுக்காடு.

அடுத்த ஆண்டு உரையாடல் திட்டம் தொடங்கியது. போராடியவர்கள் இடம் கேட்டார்கள், பல்கலைக்கழகம் பேச்சைக் கொடுத்தது என்று இதைச் சுருக்கிவிடுவது நியாயமாகாது. அந்த ஆண்டுகளிலேயே பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் டூடர்ஸ்டாட்டின் முன்முயற்சியில் சேர்க்கையையும் நியமனத்தையும் உயர்த்தும் பெருந்திட்டம் ஒன்றும் நடந்தது. எண்ணிக்கை உயரவும் செய்தது. ஆனால் பின்னாளில் எண்ணிக்கைக்கான வழி சட்டத்தால் அடைபட்டபோதும் உரையாடல் நீடித்தது. மருந்து என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது. முதலில் கல்வி என்ற கேள்வியைப் பார்த்துவிடலாம். இந்த முயற்சியின் செழிப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நெறியாளராக விரும்பும் மாணவர் ஒரு பருவம் பயிற்சிப் பாடம் படிக்கிறார். அது மதிப்பெண்ணுக்குரிய பாடம். உளவியல், சமூகவியல் துறைகளின் கீழ் நடப்பது. அடுத்த பருவத்தில் இணையாக ஒரு குழுவை நடத்துகிறார். நடத்திக்கொண்டிருக்கும்போதே மேற்பார்வை வகுப்புக்கும் போகிறார். அங்கே போன வாரம் குழுவில் நடந்ததை மேற்பார்வையாளரோடும் மற்ற நெறியாளர்களோடும் பிரித்துப் பார்க்கிறார். இந்த இரட்டை ஏற்பாடு சாதாரணமானதல்ல. அரைநாள் பயிலரங்கில் சில விதிகளைச் சொல்லி ஆளை அனுப்பிவிடும் வழக்கத்துக்கு நேர் எதிரானது. மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து ஆசிரியர் முன் விளக்கம் சொல்வதைப் போன்ற பழைய, உறுதியான கற்றல் முறை இது.

நடத்தப்படும் உரையாடலுக்கு ஹிமேனா சூனிகா, பிரேன் நாக்டா ஆகியோர் வகுத்த நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் பழகி, பேசுவதற்கான நெறிகளைக் குழுவே வகுத்துக்கொள்கிறது. அடுத்து ஒவ்வொருவரும் தம் சமூக அடையாளம் தம் வாழ்க்கையை எப்படி வடிவமைத்தது என்று சொல்கிறார்கள். மூன்றாவதாகத்தான் இடஒதுக்கீடு, காவல்துறை, காதல், குடியேற்றம் போன்ற சூடான விஷயங்கள் வருகின்றன. கடைசியில், சேர்ந்து என்ன செய்வது என்ற திட்டம். இந்த வரிசையின் அறிவு மூன்றாவதைத் தள்ளிவைத்ததில் இருக்கிறது. பெரும்பாலான வளாகக் கூட்டங்கள் சூடான விஷயத்தில் தொடங்கி, அங்கேயே எரிந்து முடிந்துவிடுகின்றன.

நெறியாளரின் இடத்தை விளக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது: பட்டிமன்ற நடுவரை நாம் அறிவோம். இரு அணியையும் பேசவிட்டு, தட்டிக்கொடுத்து, கடைசியில் தீர்ப்புச் சொல்பவர் அவர். மிஷிகன் நெறியாளர் கற்பது ஏறக்குறைய இதன் மறுதலை. அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. அதே சமயம் விலகி நிற்பதுமில்லை. அறையில் ஒரு தரப்பின் பார்வை வெளியுலகில் ஏற்கெனவே ஓங்கியிருக்கும்போது, இருவருக்கும் சமமான நேரம் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது அந்த ஓங்கிய பார்வைக்கே துணைபோகும் என்பது இந்தப் பயிற்சியின் அடிப்படை. எனவே அறையிலுள்ள எல்லாருடைய பக்கமும் நின்று, குறைவாகக் கேட்கும் குரலுக்கு வழிவிட்டு, ஓங்கிய குரலையும் வெளியேற்றாமல் வைத்திருக்க வேண்டும். சொல்வது எளிது. இதைச் செய்யக் கற்பதற்குத்தான் அந்த இரண்டு பருவங்கள்.

இப்படி ஒரு தருணத்தை எண்ணிப் பார்க்கலாம். கறுப்பின மாணவர் ஒருவர், கடைகளில் தன்னைக் காவலாளி பின்தொடர்வதைப் பற்றிச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்த வெள்ளை மாணவி ஒருவருக்கு அழுகை வருகிறது. உடனே இரண்டு பேர் அவருக்குக் கைக்குட்டை நீட்டுகிறார்கள். ஒருவர் தோளைத் தொடுகிறார். நீ நல்லவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அரை நிமிடத்தில் அறையின் கவனம் முழுக்க இடம்மாறிவிட்டது. துன்பத்தைச் சொன்னவர் இப்போது ஒருவரை அழவைத்தவராகிவிட்டார். அடுத்த வாரம் அவர் வாயைத் திறக்கமாட்டார். பயிற்சி இல்லாத நெறியாளர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: அழுகிறவரோடு சேர்ந்து உருகுவார், அல்லது அழுகையைச் சலுகை பெற்றோரின் தந்திரம் என்று கண்டிப்பார். முதலாவது கறுப்பின மாணவரைக் கைவிடுகிறது. இரண்டாவது, உண்மையாகவே கலங்கிய ஒருவரை அவமானப்படுத்தி, அறையிலுள்ள மற்ற வெள்ளையர் அனைவரையும் நாவடக்கத்துக்குப் பழக்கிவிடுகிறது.

பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது மூன்றாவது ஒன்று. அழுகைக்கு இடம் கொடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, 'இப்போது இந்த அறையில் என்ன நடந்தது? நம் கவனம் யாரிடமிருந்து யாருக்குப் போனது?' என்று குழுவிடமே கேட்பது. பேசப்பட்ட பொருளிலிருந்து, பேச்சு நடந்த விதத்துக்குக் குழுவின் கண்ணைத் திருப்புவது. அந்த நொடியில் வெளியுலகின் ஏற்றத்தாழ்வு அறைக்குள்ளேயே நடந்துகாட்டியிருக்கிறது; புத்தகத்தில் படிக்க வேண்டியதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இந்தக் கேள்வியைக் குற்றம் சாட்டும் தொனியில்லாமல் கேட்பதற்கு, முதலில் நெறியாளர் தன் பதற்றத்தை அறிந்திருக்க வேண்டும். எந்தச் சொல் தன்னைச் சீண்டும், எப்போது தான் ஒரு தரப்புக்குப் பரிந்துபேச ஓடுவோம் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிப் பருவத்தின் கணிசமான பகுதி இந்தத் தன்னறிவுக்கே போகிறது. என் மதிப்பீட்டில் இந்தத் திட்டத்தின் ஆகப் பெரிய சாதனை இதுதான். பிறரைப் பேசவைக்கும் திறனை மேடைக் கவர்ச்சியாகவோ பிறவிக் குணமாகவோ பார்க்காமல், கற்றுக்கொடுக்கத்தக்க, பழகித் தேறத்தக்க ஒரு கல்வியாக நிலைநாட்டியது.

எல்லாப் பயிற்சிக் கருவிகளும் இந்தத் தரத்தில் இல்லை. கருத்து வேறுபாட்டை எதிர்கொள்ள நெறியாளர்களுக்கு நான்கு படிகள் கற்பிக்கப்படுகின்றன: கவனித்துக் கேள், உடன்படும் இடத்தைக் காட்டு, பிறகு பதில் சொல், புதிதாக ஒன்றைச் சேர். தொடக்கநிலையாளருக்கு இது கைப்பிடி. ஆனால் மனப்பாடமாகிப்போனால், எதிரிலிருப்பவர் இரண்டே வாக்கியங்களில் கண்டுபிடித்துவிடக்கூடிய சடங்கு. அடுத்தது, பல வளாகங்களில் நடக்கும் அந்த நடைப் பயிற்சி. எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க, ஒரு வாக்கியம் வாசிக்கப்படும். வீட்டில் ஐம்பது புத்தகத்துக்கு மேல் இருந்தவர் ஓரடி முன்னே, உணவுக்குத் தட்டுப்பாடு கண்டவர் ஓரடி பின்னே. முடிவில் யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்கச் சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. பின்னால் நிற்பவருக்குத் தன் இடம் முன்பே தெரியும். அவர் அந்த இடத்தில் நிற்பது முன்னால் நிற்பவரின் கல்விக்காக. ஒருவருடைய வறுமையை மற்றவருக்குப் பாடப்பொருளாக்கும் இந்தப் பயிற்சி, மேலே சொன்ன நுட்பத்தையெல்லாம் ஒரே மணிநேரத்தில் கெடுத்துவிடும்.

இனி ஆய்வுச் சான்றுகள். வெவ்வேறு தரப்பினர் பழகினால் வெறுப்புக் குறையும் என்ற கருத்துக்கு உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனைகள் விதித்தார்: சமமான நிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு. பெட்டிகுரூ, டிராப் இருவரும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து, பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றார்கள். ஆனால் 2019இல் எலிசபெத் பாலக்கும் கிரீன் என்ற பெயருடைய இரு உடனாய்வாளர்களும் சல்லடையை இறுக்கினார்கள். பங்கேற்பாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பலனைக் குறைந்தது ஒரு நாள் கழித்தாவது அளந்த ஆய்வுகள் மட்டும் போதும் என்றபோது 27தான் தேறின. அவற்றிலும் இனவெறுப்பைப் பொறுத்தவரை பலன் மற்றவற்றைவிடக் குறைவு. இந்தத் துறையில் பேசப்படும் பெரும்பாலான உறுதிமொழிகள் எவ்வளவு மெல்லிய தரையில் நிற்கின்றன என்பதற்கு அந்த எண் போதும்.

அந்தத் தரையில் மிஷிகன் முறை மற்றவற்றைவிட உறுதியாகவே நிற்கிறது. பட்ரீசியா குரின், நாக்டா, சூனிகா மூவரும் 2013இல் வெளியிட்ட நூலுக்கு அடிப்படையான ஆய்வு, ஒன்பது கல்வி நிறுவனங்களில் நடந்தது. இனம் பற்றியும் பாலினம் பற்றியும் 52 சோதனைகள். விண்ணப்பித்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை உரையாடல் குழுவிலும் மறுபகுதியைக் காத்திருப்போர் பட்டியலிலும் வைத்தார்கள். ஓராண்டு கழித்தும் அளந்தார்கள். ஏற்றத்தாழ்வுக்கு அமைப்புசார்ந்த காரணங்களைக் காண்பதிலும், பிற தரப்பினர்மேல் பரிவு கொள்வதிலும், செயல்பட வேண்டும் என்ற நாட்டத்திலும் உரையாடலில் இருந்தவர்கள் காத்திருந்தவர்களைவிட முன்னே போயிருந்தார்கள். பலன் சிறியது முதல் நடுத்தரம் வரை. பெரும்பகுதி ஓராண்டுக்குப் பின்னும் தங்கியிருந்தது. கல்வித் துறையில் இவ்வளவு கவனமாகத் தன்னைச் சோதித்துக்கொண்ட பாடங்கள் அரிது. அதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

பாராட்டிவிட்டு மூன்று குறைகளையும் சொல்ல வேண்டும். சோதித்தவர்களே முறையை உருவாக்கியவர்கள். அவர்கள் நேர்மையை ஐயுறவில்லை. ஆனாலும் வெளியாள் ஒருவர் திரும்பச் செய்துபார்ப்பதன் மதிப்பு வேறு. இரண்டாவது, குலுக்கப்பட்டவர்கள் எல்லாரும் தாமாக விண்ணப்பித்தவர்கள். வளாகத்தில் துண்டறிக்கை செருகும் மாணவன் இந்தப் பாடத்துக்கு விண்ணப்பிப்பதில்லை. மூன்றாவது, பலன்களின் முதுகெலும்பு மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே நிரப்பிய வினாத்தாள். கட்டுரைகளையும் நேர்காணல்களையும் காணொளிகளையும் கூட ஆராய்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவையும் அதே வகுப்பறையின் விளைச்சல். செயல்பட நாட்டம் கொள்வது வேறு, செயல்படுவது வேறு.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பொருளியலாளர் மேட் லோ நடத்திய கிரிக்கெட் சோதனையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1,261 இளைஞர்களில் ஒரு பகுதியினர் ஆடினார்கள்; சில அணிகளில் எல்லாரும் ஒரே சாதி வகை, சில அணிகள் கலப்பு. ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடையே குறைந்தது. சாதியைப் பற்றி அங்கே யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அப்படியானால் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். நட்பு மட்டுமே நோக்கமென்றால் பேச்சு தேவையில்லைதான். ஆட்டமே போதும், செலவும் குறைவு. ஆனால் நட்பு மட்டும் போதுமா என்பதற்கு 2009இல் தாமர் சாகுயும் உடனாய்வாளர்களும் செய்த சோதனை பதில் சொல்கிறது. அதிகாரம் உள்ள குழுவும் இல்லாத குழுவும் தங்களிடையே உள்ள ஒற்றுமைகளைப் பற்றி மட்டும் இனிமையாகப் பேசிக்கொண்டபோது, அதிகாரம் இல்லாதவர்கள் இனி நியாயமாகப் பங்கு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பங்கு பிரித்தபோது அது நடக்கவில்லை. இனிமை, ஏமாறுவதற்கு ஆயத்தம் செய்திருந்தது. மிஷிகன் முறையின் வடிவம் இந்த ஆபத்தை உணர்ந்தது. இரண்டாம் கட்டத்திலேயே வேறுபாட்டையும் அதிகாரத்தையும் மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இதனாலேயே, சமபந்தி வகையான நல்லிணக்க நிகழ்ச்சிகளுக்கு மேலான இடத்தை நான் இதற்குக் கொடுக்கிறேன்.

இந்த முறைமேல் வலதுசாரிகளிடமிருந்து வரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: இது திறந்த உரையாடல் என்று சொல்லிக்கொள்கிறது, ஆனால் போய்ச்சேர வேண்டிய ஊரை முன்பே தீர்மானித்துவிட்டது. இதில் பாதி உண்மை. சமூக நீதி இந்தப் பாடத்தின் இலக்கு என்பதை அதன் ஆசிரியர்கள் தங்கள் வேறொரு நூலின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஏற்றத்தாழ்வுக்குத் தனிமனித முயற்சியின்மையே காரணம் என்று நம்பும் மாணவர் பருவ முடிவில் மாறாமல் இருந்தால், ஆய்வின் அளவுகோல் அதைத் தோல்வியாகவே பதியும். அப்படியிருக்க, அந்த மாணவரிடம் 'நாம் சேர்ந்து கண்டறிவோம்' என்று மட்டும் சொல்வது நாணயமாகாது. மருத்துவக் கல்லூரி நோய்க்கு எதிரானது என்பதைப் போல இந்தப் பாடம் ஒடுக்குமுறைக்கு எதிரானது. அதைப் பாட விளக்கத்திலேயே நேராகச் சொல்லிவிட்டு, அந்தச் சட்டகத்துக்குள் எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்பதே சரி. சொல்லிவிட்டால் குற்றச்சாட்டின் கூர்மை போய்விடும். ஒடுக்குமுறை நடந்ததா இல்லையா என்பதையே வாரந்தோறும் வாக்கெடுப்புக்கு விடுவது நடுநிலை ஆகாது.

இப்போது மருந்து என்ற கேள்வி. 2006இல் மிஷிகன் மாநில வாக்காளர்கள், பொதுக் கல்வி நிறுவனங்களின் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதைத் தடைசெய்தார்கள். பல்கலைக்கழகமே பின்னர் உச்சநீதிமன்றத்தில் தாக்கல் செய்த கணக்கின்படி, இளநிலை மாணவர்களில் கறுப்பர் பங்கு 2006இல் ஏறத்தாழ 7 விழுக்காடு. 2021இல் 4 விழுக்காட்டுக்கும் கீழ். அதே காலத்தில் மாநிலத்தின் கல்லூரி வயதினரிடையே கறுப்பர் பங்கு 16இலிருந்து 19 விழுக்காடாக உயர்ந்தது. 2013 நவம்பரில், இந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பராக இருப்பது எப்படிப்பட்டது என்று மாணவர்கள் ட்விட்டரில் எழுதத் தொடங்கியபோது நாடே படித்தது. நாட்டின் மிகச் சிறந்த உரையாடல் பயிற்சி கால் நூற்றாண்டாக நடந்துவந்த வளாகம் அது.

இதிலிருந்து உரையாடல் தோற்றது என்று முடிவுகட்ட முடியாது. சேர்க்கைச் சட்டத்தை மாற்றுவது வட்டமாக உட்கார்ந்த பதினாறு பேரின் வேலையல்ல. ஆனால் இந்த எண்கள் உரையாடலின் உள்ளமைப்பையே தொடுகின்றன. பலரும் பேசாத இடம் இது. வட்டத்தில் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும் என்பது முறையின் நிபந்தனை. ஆல்போர்ட் கேட்ட சமநிலையை அறைக்குள் உண்டாக்கும் வழி அது. வளாகத்திலோ 2021இல் கறுப்பர் ஏறத்தாழ 4 விழுக்காடு, வெள்ளையர் பாதிக்கு மேல். இரு தரப்பிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில் ஆள் எடுத்தால், ஒரு கறுப்பின மாணவருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு வெள்ளை மாணவருக்கு வருவதைப்போல் பத்து மடங்குக்கு மேல். வெள்ளையரல்லாதார் எல்லாரையும் ஒரே தரப்பாகச் சேர்த்தால் கணக்கு இளகும் என்பது சரிதான். நடைமுறையில் அப்படித்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். ஆனால் அப்போது அந்தப் பாதியில் ஒரேயொரு கறுப்பர் இருக்க நேரும். காவல்துறையைப் பற்றிப் பேச்சு வரும் நாளில் அந்த ஒருவர் ஓர் இனத்துக்கே பேசியாக வேண்டும்.

நெறியாளர் இணைக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒவ்வொரு வட்டத்துக்கும் சிறுபான்மைத் தரப்பிலிருந்து ஒரு நெறியாளர் வேண்டும். அவர் தன் காயத்தைப் பற்றிய பேச்சைத் தானே நடத்த வேண்டும். அந்தப் பேச்சில் தன் பதற்றம் தெரியாமல் எல்லாப் பக்கமும் நிற்க வேண்டும். அவருடைய இணையருக்கு இது ஒரு திறன். அவருக்கு இது திறனோடு சேர்ந்த சுமை. இஸ்ரேலில் யூதரும் அரபியரும் சேர்ந்து வாழும் நெவே ஷாலோம் ஊரில் 1979 முதல் இயங்கும் அமைதிப் பள்ளியும் இரு தரப்பிலிருந்தும் நெறியாளர்களை இணைத்தே அமர்த்துகிறது. இடையிடையே ஒவ்வொரு தரப்பும் தனித்துக் கூடவும் ஏற்பாடு செய்கிறது. மிஷிகன் முறையிலும் தனிக்கூட்டங்கள் உண்டு. அவற்றை அதிகமாக்க வேண்டும் என்பேன். சிறுபான்மைத் தரப்பு நெறியாளர்கள் தங்களுக்குள் பேசி ஆறுவதற்கும் மேற்பார்வையில் தனி நேரம் வேண்டும்.

முறையை நம் பக்கத்து அடையாளங்களுக்குக் கொண்டுவந்தால் இந்த நிபந்தனை இன்னும் கடுமையாகும். சாதி ஏற்கெனவே அமெரிக்க வளாகங்களுக்குப் போய்விட்டது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இலும் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. ஆகவே சாதி பற்றிய வட்டம் ஒன்று அங்கே கூடுவது இயல்பான அடுத்த படி. ஆனால் பாதிக்குப் பாதி பிரிப்பதற்கு ஒவ்வொருவரும் தம் அடையாளத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நிறம் பெரும்பாலும் தானே தெரிகிறது; சாதியை மறைத்துப் படிப்பவருக்கோ அந்த மறைப்புதான் பாதுகாப்பு. ஐஐடி பம்பாய் 2023இல், சக மாணவரிடம் நுழைவுத்தேர்வு ரேங்க்கையோ சாதியைக் காட்டக்கூடிய வேறு எதையுமோ கேட்பது முறையல்ல என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. கேட்பதே காயமாகும் இடத்தில், கேட்டுப் பிரித்து உட்காரவைக்கும் முறை அப்படியே செல்லாது. அடையாளத்தைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை என்று தொடங்கும் வேறு வடிவம் வேண்டும். அதை மிஷிகனிடமிருந்து கடன்வாங்க முடியாது.

எல்லாவற்றையும் தட்டில் வைத்தபின் என் தீர்ப்பு இது. கல்வி என்ற வகையில் மிஷிகனின் நெறியாளர் பயிற்சி முதல் தரமானது. அதன் தரம் அதன் மெதுவான தன்மையில் இருக்கிறது: இரண்டு பருவம், இணை, மேற்பார்வை, மதிப்பெண். இவற்றில் ஒன்றைக் கழற்றினாலும் மீதி நிற்காது. ஊழியர் கூட்டத்துக்கென்று அரைநாளாகச் சுருக்கப்பட்ட பதிப்புகள் பெயரைத் தவிர வேறொன்றையும் இதனிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. 2013 நூலின் சான்றுகளை அவை தங்களுக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. நிறுவனத்துக்கான மருந்து என்ற வகையில் இது தேறவில்லை. தேற வேண்டிய பொருளும் அல்ல. இதை மருந்தாக முன்னிறுத்தியவர்கள் இதற்குத்தான் தீங்கு செய்தார்கள். 2025 மார்ச்சில் மிஷிகன் பல்கலைக்கழகம் தன் பன்முகத்தன்மை அலுவலகத்தை மூடியபோது, அதைக் கொண்டாடியவர்கள் நிர்வாகச் செலவையும் வகுப்பறைக் கல்வியையும் ஒரே குவியலாகப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்குத் தொடங்கிவைத்தது, இரண்டையும் ஒரே விளம்பரத்தில் சேர்த்த பல்கலைக்கழகங்கள்தான்.

நெறியாளர் பாடம் நிலைக்க வேண்டிய இடம் துறைகள். உளவியலும் சமூகவியலும் அதைத் தங்கள் சொந்தப் பாடமாக, மற்றப் பாடங்களைப் போலவே வெளியாளின் தணிக்கைக்கு உட்பட்டு நடத்தட்டும். குழுவை நடத்தும் பருவத்துக்கு மதிப்பெண்ணோடு ஊதியமும் கொடுக்கட்டும். சுமை யார்மேல் விழுகிறதோ அவருக்கு அது முதலில் போய்ச்சேரும். புதிதாகத் தொடங்க நினைக்கும் வளாகம் எதுவானாலும், பயிற்சியாளரைத் தேடும் முன் தன் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஒரு வட்டத்தின் மறுபாதிக்கு ஏழெட்டுப் பேரை, அதே ஆட்களை ஆண்டுதோறும் களைக்கவைக்காமல், கூட்ட முடியாத வளாகம் இந்தப் பாடத்தை இப்போது தொடங்கக் கூடாது. அந்தப் பணத்தை அது சேர்க்கைக்குச் செலவிடட்டும்.